கேட்டறிந்து உயர்ந்த பெருந்தகை உ.வே.சாமிநாதையர்

தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் உ.வே.சாமிநாதையரின் பெயரை அறியாத தமிழர் இலர். ஏட்டுச் சுவடிகளில் மறைந்து கிடந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றி நமக்கு மீட்டளித்தவர் அவர். அப்பெரும்பணிக்குத் தொடக்கமாக அமைந்தது நம் திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணி என்பதும், அதற்குத் துணை நின்றவர்கள் குடந்தையில் வாழ்ந்த சமணப் பெருமக்கள் என்பதும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளாகும்.

ஐயர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லுநர், செல்வர் அல்லர். மகனுக்குத் தமிழ் கற்பிக்க ஆசிரியர் எங்குள்ளார் எனக் கேட்டறிந்து, குடும்பத்துடன் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். 1871இல், பதினேழாம் அகவையில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராகும் பேறு ஐயருக்குக் கிட்டியது. 1876இல் ஆசிரியர் மறையும் வரை அவரைப் பிரியாமல் உடனிருந்து கற்றார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் வாழ்ந்தார். 1880இல், தியாகராச செட்டியார் தாம் ஓய்வு பெறும்போது தம் இடத்திற்கு இவரே தக்கவர் எனப் பரிந்துரைத்ததனால், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

இருபத்தைந்து வயதில் கல்லூரிப் பதவி. கற்றோர் மதிக்கும் புலமை. இந்நிலையை அடைந்த பலர், இனி நாம் கற்பிக்க வேண்டியவரேயன்றிக் கற்க வேண்டியவர் அல்லர் என எண்ணிவிடுவர். ஐயர் அவ்வாறு எண்ணவில்லை. அவர்தம் வெற்றி இங்கிருந்தே தொடங்குகிறது.

அதே ஆண்டு அக்டோபரில், குடந்தைக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்துள்ளீர் என முதலியார் வினவினார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலை உரைத்தார். முதலியார் வியப்படையவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்நூல்களைத் தாம் கண்டதில்லை என்பதை ஐயர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் செய்தார்.

படிக்கத் தொடங்கியதும் ஐயருக்குத் திகைப்பே மிஞ்சியது. தமிழ் நடை விளங்கியது. நச்சினார்க்கினியர் உரையும் உடனிருந்தது. ஆயினும் நூலில் விரவிக் கிடந்த சமணக் கோட்பாடுகளும் மரபுச் சொற்களும் அவர் கற்ற கல்விக்குள் அடங்கவில்லை. அச்சொற்களுக்கு ஏதேனும் ஒரு பொருளை ஊகித்துச் சொல்லி மேலே செல்வது எளிது. கேட்போர் குறை கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள். ஐயர் அவ்வழியை நாடவில்லை. குடந்தையில் சமணர் வாழ்கின்றனர் என்றறிந்து அவர்தம் இல்லங்களைத் தேடிச் சென்றார்.

அவர் சென்ற நாளில் சந்திரநாத செட்டியார் இல்லம் விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் கேட்டபோது, தாங்கள் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவுறுவதாக அவ்வீட்டார் கூறினர். புலவர் உலகம் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த காப்பியம், ஓர் இல்லத்தில் பக்தியோடு ஓதி விளக்கப்பட்டு வந்ததை எண்ணி ஐயர் பெருவியப்பு எய்தினார். அன்றுமுதல் சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோரிடம் ஐயம் தோன்றும்போதெல்லாம் சென்று கேட்டுத் தெளிந்தார். சிவநெறியில் ஊறிய அந்தணர், கல்லூரி ஆசிரியர், மாணவரைப்போல் நம்மவர் முன் அமர்ந்து நம் சமயத்தைக் கற்றார். அவர்தம் ஆர்வத்தைக் கண்ட சமணர், இவர் பவ்விய ஜீவன், அதாவது வீடுபேறு அடையும் தகுதியுடைய உயிர் என மதித்தனர். தம் சமயக் கொள்கையில் வழுவாமலேயே பிற சமய நூலுக்கு நேர்மை செய்ய இயலும் என்பதற்கு ஐயரே சான்று. சைவ ஆதீனத்துச் சுவடிகளும் இப்பணிக்கு உதவின என்பது போற்றத்தக்கது.

அவருடைய மற்றொரு பண்பு, ஒன்றைக் கண்டதும் அமைதியுறாமை. ஒரு சுவடியை மட்டும் நம்பாமல் பல ஊர்களிலிருந்து படிகளைத் தேடிப் பெற்றார். பாட வேறுபாடுகளை ஒப்பிட்டார். உரையாசிரியர் பெயர் சுட்டாமல் காட்டிய மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை என ஆராய்ந்தார். 3,145 செய்யுள்கள் கொண்ட காப்பியம் உரையுடன் 1887இல் வெளிவந்தது. அத்துடன் தம் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. திருத்தங்களைச் சேர்த்து 1907இலும் 1922இலும் மறுபதிப்புகள் வெளியிட்டார்.

மேற்கோள்களைத் தேடிய அவ்வழக்கமே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. மணிமேகலையைப் பதிப்பிக்கும்போது பௌத்தக் கருத்துகளைக் கல்லூரித் தோழர் ரங்காசாரியாரிடம் கேட்டறிந்தார். 1898இல் அதுவும் வெளிவந்தது. சமணர் இல்லத்தில் கைக்கொண்ட வழக்கத்தை அவர் பிற்காலத்தும் விடவில்லை. நம் கொங்குவேளிரின் பெருங்கதையை 1924இல் வெளியிட்டபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது.

இடையில் மனந்தளரச் செய்யும் காட்சிகளும் இருந்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளைத் தேடிச் சென்றபோது, அவை முன்னரே தீக்கு இரையாக்கப்பட்டன என்ற செய்தியே கிடைத்தது. அத்துயரம் அவரைச் சோர்வடையச் செய்யவில்லை. எஞ்சிய ஏடுகளையேனும் காக்க விரையச் செய்தது. 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இயற்கை எய்தினார். தமக்கு உதவிய சமண அன்பர்களின் பெயர்களைத் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியுடன் பதித்துச் சென்றுள்ளார்.

தெரியாததைத் தெரியாது என ஒப்புதல், தெரிந்தவரை நாடிக் கேட்டல், கேட்டதை ஒப்பிட்டுத் தெளிதல், செய்த பணியை மீண்டும் திருத்துதல், உதவியோரை மறவாமை ஆகியவை ஐயரை உயர்த்திய பழக்கங்கள். இவற்றுள் எதற்கும் செல்வமோ குலப்பெருமையோ தேவையில்லை. பள்ளி செல்லும் சிறுவனும் இன்றே தொடங்கலாம்.

நமக்கு இவ்வரலாற்றில் தனியாக ஒரு பாடம் உண்டு. ஐயர் கேட்க வந்தபோது விடை கூற நம் முன்னோரால் இயன்றது. ஏனெனில் அவர்தம் இல்லத்தில் நூல் நாள்தோறும் ஓதப்பட்டது. இன்று ஒருவர் நம் வாயிலில் வந்து நின்று, நற்காட்சி என்பது யாது, பவ்வியர் என்போர் யாவர் எனக் கேட்பாராயின், நம் பிள்ளைகள் விடை கூறுவரா? நாளொன்றுக்குப் பத்துச் செய்யுள் வீதம் படித்தால் 315 நாட்களில், ஓராண்டு முடியும் முன்னரே, சிந்தாமணி முழுவதும் நிறைவுறும். வீட்டிலுள்ள பெரியோர் பொருள் கூற, இளையோர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். இவ்வாண்டு விழா நாளிலேயே இதனைத் தொடங்குவோமாக. நிறைவுறும் நாளில், அன்று குடந்தையில் சந்திரநாத செட்டியார் இல்லம் கொண்டாடியதைப் போலவே நம் இல்லங்களும் கொண்டாடட்டும்.