கம்பிவழி வந்த காட்சி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து அஸ்டோரியா நகரில் வானொலி நிலையம் நடத்தியவர் எட் பார்சன்ஸ். வீட்டிலேயே தொலைக்காட்சி காண விழைந்தார் அவர்தம் மனைவி கிரேஸ். சியாட்டில் நகரில் 1948 நவம்பரில் ஒளிபரப்பு தொடங்கிற்று. ஆனால், அந்நகரோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. குன்றுகளும் அலைகளைத் தடுத்தன. ஊரெங்கும் சுற்றி அலைவலிமையை அளந்த பார்சன்ஸ், உயர்ந்த விடுதி ஒன்றன் கூரையில் அலைவாங்கியை நிறுவினார். கம்பிவடம் வழியே எதிரிலிருந்த தம் இல்லத்திற்குக் காட்சியைக் கொணர்ந்தார். செய்தி பரவியது, இல்லத்தில் நாள்தோறும் கூட்டம் நிரம்பியது. எனவே, அவர் கம்பிவடத்தை நீட்டினார். விடுதிக் கூடம், இசைக்கருவிக் கடை, பிறர் இல்லங்கள் எனக் காட்சி பரவியது. பின்னாளில் அலாஸ்காவில் வாழ்ந்த அவர் 1989இல் மறைந்தார். ஒரு வீட்டின் விருப்பம் ஊரார் பலர்க்கும் பயன்பட்டது; அமெரிக்கக் கம்பிவடத் தொலைக்காட்சியின் தொடக்கங்களுள் ஒன்றாகவும் நிலைபெற்றது.