மாலை வகுப்பு மாணவர் 'பாரஃபின்' யங்

நம்ம கல்லூரியில் படித்துவிட்டு எங்கெங்கோ போனவர்கள் ஒன்று கூடும் இந்த நாளில், படித்த கல்லூரியை மறக்காத ஒரு மனிதரின் கதையைச் சொல்லத் தோன்றியது.

ஜேம்ஸ் யங் 1811-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பகலில் அப்பாவோடு தச்சு வேலை. மாலையில் ஆண்டர்சன் கல்லூரியில் வேதியியல் வகுப்பு. ஆசிரியர் தாமஸ் கிரகாம். கூடப் படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் ஆப்பிரிக்காவுக்குப் போன டேவிட் லிவிங்ஸ்டன். பையனின் கைத்திறமையைப் பார்த்த கிரகாம் அவரைத் தன் உதவியாளராக்கிக்கொண்டார்.

1847-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் எண்ணெய் கசிவதாகத் தகவல் வந்தது. யங் அதைக் காய்ச்சி வடித்து விளக்கெண்ணெயும் இயந்திர எண்ணெயும் செய்து விற்றார். வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் ஊற்று வற்ற ஆரம்பித்தது! வேறு ஆளாக இருந்தால் கடையைக் கட்டியிருப்பார். யங் யோசித்தார்: நிலக்கரி பூமிக்குள் சூடாகித்தானே இந்த எண்ணெய் வந்திருக்கணும்? அப்படியானால் நாமே ஏன் சூடாக்கக் கூடாது?

பலவகை நிலக்கரிகளை மெதுவான சூட்டில் வாட்டி, எதில் எவ்வளவு எண்ணெய் இறங்குகிறது என்று பார்த்தார். ஸ்காட்லாந்தின் டார்பேன்ஹில் கல் டன்னுக்கு 100 காலனுக்கு மேல் கொடுத்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீரில் வாழ்ந்த பாசிகள் படிந்து உண்டான கல் அது. 1850-இல் காப்புரிமை, 1851-இல் பாத்கேட்டில் தொழிற்சாலை. அமெரிக்காவில் டிரேக் கிணறு தோண்டியது 1859-இல்தான்!

அந்தக் கல் நிலக்கரியா இல்லையா என்று 1853-இல் எடின்பரோவில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. நில உரிமையாளருக்கும் குத்தகைதாரருக்கும் சண்டை. விஞ்ஞானிகள் இரண்டு பக்கமும் நின்று சாட்சி சொன்னார்கள். ஜூரிகள் நிலக்கரிதான் என்று முடித்துவிட்டார்கள்.

அந்தக் கல்லும் தீர்ந்துபோனது. யங் சளைக்கவில்லை. எண்ணெய் குறைவாகத் தந்தாலும் ஏராளமாகக் கிடைத்த ஷேல் பாறைக்கு மாறினார். அந்தத் தொழில் ஸ்காட்லாந்தில் 1962 வரை நீடித்தது. சக்கை கொட்டிய செந்நிறக் குன்றுகளை இன்றும் அங்கே பார்க்கலாம்.

இன்று எண்ணெய் தேடும் புவியியலாளர், ஒரு சிட்டிகைப் பாறைத்தூளைக் காற்றுப்படாமல் சூடேற்றி, எவ்வளவு ஹைட்ரோகார்பன் வருகிறது, எந்த வெப்பத்தில் அதிகம் வருகிறது என்று அளக்கிறார். ராக்-எவல் என்று அந்தச் சோதனைக்குப் பெயர். அடிப்படை என்னவோ யங் செய்ததுதான்.

சம்பாதித்த பணத்தை என்ன செய்தார்? லிவிங்ஸ்டனின் பயணங்களுக்குக் கொடுத்தார். நண்பர் இறந்தபின், அவர் உடலைக் கடற்கரை வரை சுமந்து வந்த சூமாவையும் சூசியையும் 1874-இல் தன் செலவில் பிரிட்டனுக்கு வரவழைத்தார். ஆசிரியர் கிரகாமுக்குக் கிளாஸ்கோவில் சிலை வைத்தார். மாலை வகுப்பில் உட்கார்ந்த அதே கல்லூரிக்கு 1868-இல் தலைவரானார். 1870-இல் 10,000 கினி கொடுத்துத் தொழில்நுட்ப வேதியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கினார். 1883-இல் மறைந்தார். அந்தக் கல்லூரி வளர்ந்துதான் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகமானது.

தம்பி தங்கைகளே, ஊற்று வற்றினால் உட்கார்ந்துவிடாதீர்கள். நம்மைப் போன்ற பழைய மாணவர்களே, வந்த வழியை மறந்துவிட வேண்டாம்!