இருமுறை கைநழுவிய பிரதமர் பதவி. மூன்றாம் முறை கிடைத்தும் நிலைக்கவில்லை

புது தில்லி: மும்பை தேவ்நாரில் உள்ள மாநகராட்சி இறைச்சிக்கூடத்தின் வாயிலில் 1982 ஜனவரி 11-ம் தேதி ஒரு சத்தியாகிரகம் தொடங்கியது. மாடுகளை ஏற்றி வந்த லாரிகளைத் தொண்டர்கள் மறித்தனர். வினோபா பாவேயின் வழிகாட்டுதலில் தொடங்கிய அந்தப் போராட்டம், அவர் மறைந்த பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. அதற்கான காரணங்களுள் ஒன்று தில்லியில், நாடாளுமன்றத்துக்குள் இருந்தது. பசுவதைத் தடை தொடர்பாக மத்திய அரசு கொண்டுவந்த அரசியல் சட்டத் திருத்த மசோதா 1979-ல் காலாவதியானது. மசோதாவைக் கொண்டுவந்த அரசு கவிழ்ந்ததும், அதைத் தொடர்ந்து மக்களவை கலைக்கப்பட்டதுமே அதற்குக் காரணம். அந்த அரசின் பிரதமர் மொரார்ஜி தேசாய்.

ஒரு தேசியத் தலைவரின் பதவி ஆட்டம் காணும்போதெல்லாம், அடுத்து யார் என்ற கேள்வியே தலைநகரில் முதலில் எழும். அந்தக் கேள்விக்கு விடையாக இருமுறை பேசப்பட்டவர் மொரார்ஜி. மூன்றாவது முறை, அவரை மாற்றலாமா என்பதே கேள்வியாக இருந்தது. மாற்றுத் தலைவராகக் காத்திருந்த அனுபவமும், மாற்றப்பட வேண்டிய தலைவராகக் கருதப்பட்ட அனுபவமும் ஒருங்கே பெற்றவர்கள் இந்திய அரசியலில் மிகச் சிலரே.

அரசுப் பணியிலிருந்து அரசியலுக்கு

இன்றைய குஜராத்தின் வல்சாட் மாவட்டத்தில் உள்ள பதேலி கிராமத்தில் 1896 பிப்ரவரி 29-ம் தேதி பிறந்தார் மொரார்ஜி. தந்தை பள்ளி ஆசிரியர். இளம் வயதிலேயே தந்தையை இழந்ததால் குடும்பப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பம்பாய் வில்சன் கல்லூரியில் படித்து, 1918-ல் மாகாண அரசுப் பணியில் சேர்ந்தார். துணை ஆட்சியராகப் பணியாற்றிய அவர், 1930-ல் பதவியைத் துறந்து காந்தியடிகளின் இயக்கத்தில் இணைந்தார்.

1937-ல் பி.ஜி. கேர் தலைமையிலான பம்பாய் மாகாண அமைச்சரவையில் வருவாய்த் துறை அமைச்சரானார். 1946-ல் உள்துறையும் அவரிடம் வந்தது. அவர் முன்னின்று செயல்படுத்திய மதுவிலக்கு, 1950-ல் பம்பாய் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கடுமையானபோது கள்ளச்சாராயமும் பெருகியது. தமிழர்கள் பெருமளவில் குடியேறியிருந்த தாராவியும் அந்தத் தொழிலின் மையங்களுள் ஒன்றானது. சரியென்று பட்டதை விளைவு நோக்காமல் செயல்படுத்துபவர் என்ற பெயர் அவருக்கு அப்போதே நிலைத்துவிட்டது.

1952 தேர்தலில் சொற்ப வாக்குகளில் தோற்றபோதும் காங்கிரஸ் கட்சி அவரையே முதல்வராக்கியது. மொழிவழி மாநிலக் கோரிக்கை வலுத்தபோது அவருக்குச் சோதனை தொடங்கியது. பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மராட்டிய மாநிலம் வேண்டும் என்று நடந்த சம்யுக்த மகாராஷ்டிரா கிளர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்கள். 1956 நவம்பரில் முதல்வர் பதவி ஒய்.பி. சவாணுக்குச் சென்றது, மொரார்ஜி தில்லிக்கு வந்தார். இதே சவாண்தான் 23 ஆண்டுகளுக்குப் பிறகு மொரார்ஜி அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

காமராஜ் எழுதிய கணக்கு

மத்திய வர்த்தக, தொழில்துறை அமைச்சராகவும், 1958 முதல் நிதியமைச்சராகவும் பணியாற்றிய மொரார்ஜி, நேருவுக்கு அடுத்து யார் என்ற விவாதத்தில் தவறாமல் இடம்பெற்றார். 1963-ல் காமராஜ் திட்டம் வந்தது. மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற அந்தத் திட்டத்தின்படி 6 மத்திய அமைச்சர்களும் 6 முதல்வர்களும் விலகினர். முதல்வர் பதவியைத் துறந்த காமராஜ், 1964 தொடக்கத்தில் காங்கிரஸ் தலைவரானார். அமைச்சர் பதவி இழந்தவர்களுள் மொரார்ஜியும் ஒருவர்.

1964 மே 27-ம் தேதி நேரு மறைந்தார். காமராஜ் போட்டிக்கு இடம்தரவில்லை. கட்சியின் எம்.பி.க்களையும் மாநிலத் தலைவர்களையும் கலந்தாலோசித்து, ஒருமித்த கருத்து லால் பகதூர் சாஸ்திரிக்கு ஆதரவாக இருப்பதாக அறிவித்தார். மொரார்ஜி அதை ஏற்று ஒதுங்கினார்.

1966 ஜனவரி 11-ம் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். இம்முறை ஒதுங்க மொரார்ஜி மறுத்தார். ஜனவரி 19-ம் தேதி காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சியில் நடந்த வாக்கெடுப்பில் இந்திரா காந்திக்கு 355 வாக்குகளும், மொரார்ஜிக்கு 169 வாக்குகளும் கிடைத்தன. முதலமைச்சர்கள் பலரும் காமராஜும் இந்திராவின் பக்கம் நின்றனர். எண்ணிக்கை தனக்கு எதிரானது என்று அறிந்தும் வாக்கெடுப்பை வலியுறுத்தினார் மொரார்ஜி, தோல்வியையும் ஏற்றுக்கொண்டார்.

1967 தேர்தலில் காங்கிரஸின் பலம் குறைந்ததையடுத்து துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இந்திராவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அந்த உறவு நீடிக்கவில்லை. 1969 ஜூலை 16-ம் தேதி நிதித்துறை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அவர் பதவி விலகினார். மூன்று நாள்களில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அந்த ஆண்டு இறுதியில் காங்கிரஸ் பிளவுபட்டது. நிதியமைச்சராக மொத்தம் 10 பட்ஜெட்டுகளைத் தாக்கல் செய்தவர் என்பது அவர் பெயரில் நிற்கும் மற்றொரு சாதனை.

81 வயதில் பிரதமர்

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் கைதான மொரார்ஜி, ஏறத்தாழ 19 மாதங்கள் காவலில் இருந்தார். 1977 ஜனவரியில் விடுதலையான சில நாள்களில் ஸ்தாபன காங்கிரஸ், பாரதிய லோக் தளம், ஜனசங்கம், சோஷலிஸ்டுகள் இணைந்து ஜனதா கட்சி உருவானது. மார்ச் தேர்தலில் அது 295 இடங்களைப் பெற்றது. தமிழகத்தில் மட்டும் காற்று வேறு திசையில் வீசியது, அ.தி.மு.க.-காங்கிரஸ் அணியே பெரும்பான்மையான தொகுதிகளை வென்றது.

பிரதமர் பதவிக்கு மொரார்ஜி, ஜெகஜீவன் ராம், சரண் சிங் ஆகிய மூவர் இருந்தனர். எம்.பி.க்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. முடிவு ஜெயப்பிரகாஷ் நாராயணிடமும் ஆச்சார்ய கிருபளானியிடமும் விடப்பட்டது. ஜெகஜீவன் ராம் வருவதைத் தடுக்க, மருத்துவமனையில் இருந்த சரண் சிங் மொரார்ஜிக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார். 1977 மார்ச் 24-ம் தேதி, 81-வது வயதில், காங்கிரஸ் அல்லாத முதல் பிரதமராக மொரார்ஜி பதவியேற்றார். அன்றைய விழாவில் ஜெகஜீவன் ராம் கலந்துகொள்ளவில்லை. ஆட்சி தொடங்கிய நாளிலேயே அடுத்த பிரதமர் யார் என்ற பேச்சும் தொடங்கிவிட்டது.

அந்த ஆட்சியின் பணிகள் சிறியவை அல்ல. நெருக்கடி நிலை அறிவிப்பதற்கான நிபந்தனைகளைக் கடுமையாக்கிய அரசியல் சட்டத்தின் 44-வது திருத்தம் 1978-ல் நிறைவேறியது. அதே ஆண்டு ஜனவரியில் 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. ஆனால் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இடம்பிடித்தது தலைவர்களின் பூசலே. 1978 ஜூன் இறுதியில் சரண் சிங் அமைச்சரவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். டிசம்பரில் தில்லியில் பெரும் விவசாயிகள் பேரணி நடத்தித் தமது பலத்தைக் காட்டினார். 1979 ஜனவரியில் துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் திரும்பினார். சமநிலைக்காக ஜெகஜீவன் ராமும் துணைப் பிரதமராக்கப்பட்டார். பிரதமர் நாற்காலிக்குக் காத்திருந்த இருவரையும் அதன் இருபுறமும் அமர்த்தியது போலாயிற்று.

மசோதாவும் இறைச்சிக்கூடமும்

இந்தச் சூழலில்தான் 1979 ஏப்ரலில் வினோபா பாவே பசுவதைத் தடை கோரி உண்ணாவிரதம் தொடங்கினார். கால்நடைப் பாதுகாப்பு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் முழுத் தடை இல்லை. அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்ற மசோதா கொண்டுவரப்படும் என்று மொரார்ஜி அரசு உறுதியளித்ததால் சில நாள்களில் உண்ணாவிரதம் முடிந்தது. மே மாதம் மசோதா மக்களவையில் அறிமுகமானது. அதை நிறைவேற்றுவதற்கான அவகாசம் அந்த அரசுக்கு வாய்க்கவில்லை.

மும்பை இறைச்சிக்கூடம் 1970-களின் தொடக்கத்தில் பாந்த்ராவிலிருந்து தேவ்நாருக்கு மாறியிருந்தது. மகாராஷ்டிரத்தின் 1976-ம் ஆண்டுச் சட்டம் பசுக்களை மட்டுமே பாதுகாத்தது, எருதுகள் அறுக்கப்பட்டன. ஆகவே சத்தியாகிரகிகள் அங்கே சென்றனர். இறைச்சி வியாபாரிகள், தொழிலாளர்கள் ஆகியோரின் பிழைப்பும், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் வளர்த்த தோல் தொழிலும் இந்தக் கேள்வியோடு பிணைந்தவை. மசோதாவை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் வாதிட வேண்டிய இடம் நாடாளுமன்றம். அது கலைக்கப்பட்டதால், அங்கே தீர்வு காணாத பிரச்சினை தேவ்நார் வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

பத்து நாள் நாடகம்

1979 ஜூலையில் நாடாளுமன்றம் கூடியதும் எதிர்க்கட்சித் தலைவர் சவாண் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஜனசங்கத்திலிருந்து வந்தவர்கள் ஆர்.எஸ்.எஸ். உறுப்பினர்களாகவும் நீடிக்கலாமா என்ற இரட்டை உறுப்பினர் பிரச்சினையை முன்வைத்து ஜனதா எம்.பி.க்கள் அணி அணியாக வெளியேறினர். கட்சித் தாவல் தடைச் சட்டம் அன்று இல்லை. அது 1985-ல்தான் வந்தது. வாக்கெடுப்புக்குக் காத்திராமல் ஜூலை 15-ம் தேதி மொரார்ஜி பதவி விலகினார்.

பிரதமர் பதவியிலிருந்து விலகிய அவர், நாடாளுமன்றக் கட்சித் தலைவர் பதவியை விடவில்லை. ஜெகஜீவன் ராமுக்கு வழிவிட்டால் கட்சியின் பெரும்பகுதி ஒன்றுபட்டு நிற்கும், மீண்டும் ஆட்சி அமைக்கலாம் என்று சகாக்கள் பலர் வற்புறுத்தினர். அவர் ஏற்கவில்லை. குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி, மொரார்ஜியிடமும் சரண் சிங்கிடமும் ஆதரவாளர் பட்டியல் கேட்டார். மொரார்ஜியின் பட்டியலில் இருந்த பெயர்கள் சிலவற்றைப் பற்றிச் சர்ச்சை எழுந்தது. ஜூலை 26-ம் தேதி அழைப்பு சரண் சிங்குக்குச் சென்றது. அதன் பிறகே மொரார்ஜி தலைமையை விட்டார். ஜெகஜீவன் ராம் தலைவரானார். காலம் கடந்திருந்தது.

1966-ல் எண்ணிக்கையை நேருக்கு நேர் சந்தித்தவர், 1979-ல் அதை ஏற்கத் தயங்கியது அவர் வாழ்க்கையின் பெரும் முரண். இரு முறையும் அவரை இயக்கியது தாம் நியாயத்தின் பக்கம் நிற்கிறோம் என்ற உறுதியே. அந்த உறுதி 1966-ல் அவருக்கு மதிப்பைத் தந்தது. 1979-ல் அதன் விலையைக் கட்சி முழுவதும் செலுத்தியது.

சவாணைத் துணைப் பிரதமராகக் கொண்டு பதவியேற்ற சரண் சிங், மக்களவையைச் சந்திக்காமலேயே ஆகஸ்ட் 20-ம் தேதி விலகினார். அந்தக் குறுகிய கால அரசில் அ.தி.மு.க.வின் சத்தியவாணி முத்துவும் பாலா பழனூரும் அமைச்சர்களாயினர். திராவிடக் கட்சி ஒன்று மத்திய அரசில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. ஆகஸ்ட் 22-ம் தேதி மக்களவை கலைக்கப்பட்டது. 1980 ஜனவரி தேர்தலில் காங்கிரஸ் 353 இடங்களுடன் திரும்பியது. ஜனதா 31 இடங்களுக்குச் சுருங்கியது.

பிரிட்டனில் பிரதமரை ஆளுங்கட்சியே மாற்றுவதற்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. 1990-ல் மார்கரெட் தாட்சரும், 2022-ல் போரிஸ் ஜான்சனும் அவ்வாறு வெளியேறியபோது ஆளுங்கட்சி ஆட்சியை இழக்கவில்லை. இந்தியாவில் அத்தகைய தெளிவான வழிமுறை உருவாகவில்லை. 1997-ல் வெளியிலிருந்து ஆதரித்த காங்கிரஸ் கைவிரித்ததால் தேவ கௌடா வீழ்ந்தார். ஐக்கிய முன்னணி உடனே குஜ்ராலைத் தேர்ந்தெடுத்ததால் ஆட்சி சில மாதங்களாவது தொடர்ந்தது. 1979-ல் ஜனதா கட்சி செய்யத் தவறியது இதைத்தான். பெரும்பான்மையைப் பட்டியல்களில் அல்லாமல் அவையில்தான் நிரூபிக்க வேண்டும் என்பதை 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

பதவி இழந்த மொரார்ஜி மும்பையில் அமைதியாக வாழ்ந்தார். பாகிஸ்தானின் உயரிய விருதான நிஷான்-இ-பாகிஸ்தான் 1990-லும், பாரத ரத்னா 1991-லும் அவருக்கு வழங்கப்பட்டன. 1995 ஏப்ரல் 10-ம் தேதி, 99-வது வயதில் காலமானார். அவரது அரசு விட்டுச்சென்ற 44-வது திருத்தம் இன்றும் அரசியல் சட்டத்தில் உள்ளது. அவரது அரசு மேலும் சில மாதங்கள் நீடித்திருந்தால் பசுவதை மசோதா விவாதிக்கப்பட்டு, நிறைவேறியோ தோற்றோ ஒரு முடிவுக்கு வந்திருக்கும்.