குடியேறியோரின் அன்னை: புனித பிரான்செஸ் சேவியர் கபிரினி

ஜூபிலி மலரில் புனிதர் ஒருவரின் வரலாறு இடம்பெறுவது வழக்கம். இம்மலருக்கு நாம் தேர்ந்துகொண்டவர் அன்னை கபிரினி. குடியேறியோரின் பாதுகாவலி என்று உலகத் திருச்சபை போற்றும் இவரது பெயரை நம்மில் பலர் அறிவோம். ஆனால் இவர் யாருக்காக உழைத்தாரோ அந்த மக்களைப் பற்றி அன்றைய ஊரும் உலகமும் என்ன பேசின என்பதை அறிந்தால்தான் இவரது புனிதத்தின் ஆழம் நமக்கு விளங்கும்.

இத்தாலி நாட்டின் வடபகுதியில், லொம்பார்தியா மாநிலத்திலுள்ள சாந்தாஞ்செலோ என்னும் சிற்றூரில், 1850-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், ஒரு விவசாயக் குடும்பத்தில், மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தை இவர். உடன்பிறந்தோர் பலர் இளமையிலேயே மாண்டனர். பிள்ளைகளில் நால்வரே வயது வந்தவர்களாயினர். இவரும் நோஞ்சானாகவே வளர்ந்தார். குருவாயிருந்த தாய்மாமன் வீட்டுக்குச் செல்லும்போது, காகிதக் கப்பல் செய்து, அதில் ஊதாப் பூக்களை ஏற்றி, இவர்கள் சீன நாட்டுக்குப் போகும் மறைபரப்பாளர்கள் என்று சொல்லி வாய்க்காலில் மிதக்கவிடுவாராம். ஒருநாள் தாமே தண்ணீரில் விழுந்துவிட்டார். அன்று பற்றிய தண்ணீர்ப் பயம் நெடுங்காலம் நீங்கவில்லை. அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட முறை கடல் கடந்தார் என்பது வியப்பன்றோ!

ஆசிரியைப் பயிற்சி முடித்துத் துறவற மடத்தில் சேர விரும்பினார். உடல் வலுவில்லை என்று சொல்லிச் சேர்க்க மறுத்தார்கள். கொதோஞ்ஞோ நகரில் ஓர் அனாதை இல்லத்தைச் சீர்படுத்தும் வேலை 1874-ல் இவரிடம் வந்தது. 1877-ல் வார்த்தைப்பாடு கொடுத்தபோது, சவேரியார் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1542-ல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து மணலில் நடந்து மறை போதித்த அதே சவேரியார்தாம். அவரைப் போலக் கீழ்த்திசை செல்ல வேண்டும் என்பதே இவரது ஆசை. 1880 நவம்பரில், கைவிடப்பட்ட ஒரு பழைய மடத்தில், சில தோழியருடன் திரு இருதய மறைபரப்புக் கன்னியர் சபையைத் தொடங்கினார்.

ஆனால் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் இவரைச் சீனாவுக்கு அனுப்பவில்லை. கிழக்கே அன்று, மேற்கே போகுமாறு பணித்தார். காரணம் இருந்தது. தென் இத்தாலியின் வறுமையும் வரிச்சுமையும் நிலமின்மையும் மக்களை இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குத் துரத்திக்கொண்டிருந்தன. மொழி தெரியாமல், ஆள்பிடிக்கும் தரகர்களிடம் கூலியில் பாதியை இழந்து, காற்று நுழையாத அறைகளில் பத்துப் பேராகப் படுத்துக் கிடந்தார்கள். பியாசென்சா ஆயர் ஸ்கலபிரினி அம்மக்களுக்காகவே 1887-ல் ஒரு குருக்கள் சபையை நிறுவியிருந்தார். கன்னியரின் உதவியையும் அவர் நாடினார்.

1889 மார்ச் 31-ஆம் நாள் அன்னை கபிரினி ஆறு கன்னியருடன் நியூயார்க்கில் இறங்கினார். தங்க வீடு தயாராக இல்லை. அழுக்கும் பூச்சியும் நிறைந்த விடுதி ஒன்றில் முதல் இரவு கழிந்தது. மறுநாள் பேராயர் கொரிகனைச் சந்தித்தபோது, அனாதை இல்லத் திட்டம் தடைப்பட்டுவிட்டதென்றும், வந்த கப்பலிலேயே திரும்புவது நல்லதென்றும் அவர் கூறினார். அன்னை பணிவோடு, ஆனால் அசையாமல், தாம் திருத்தந்தையால் அனுப்பப்பட்டவர் என்று அவரது கடிதத்தைக் காட்டித் தங்கிவிட்டார். சில வாரங்களில் அனாதை இல்லம் திறக்கப்பட்டது. பிற்பாடு பேராயரும் உதவினார்.

அக்காலத்து அமெரிக்கர் இத்தாலியரை எப்படிப் பார்த்தார்கள்? கத்தி வைத்திருப்பவர்கள், எழுத்தறிவற்றவர்கள், நோய் கொண்டு வருபவர்கள், குறைந்த கூலிக்கு வேலை செய்து நம் பிழைப்பைக் கெடுப்பவர்கள் என்று கடைவீதியிலும் பத்திரிகையிலும் பேசினார்கள். 1894-ல் பாஸ்டன் நகரில், பெரிய பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள், குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சங்கம் ஒன்றையே அமைத்தார்கள். ஆக, இது படிக்காதவர் பேச்சு மட்டுமன்று.

இதைவிட நம்மைச் சுட வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அன்று நியூயார்க் பங்குகளில் பெரும்பான்மையோர் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர். அவர்களும் ஒரு தலைமுறைக்கு முன் பஞ்சத்தால் கப்பலேறி வந்து, இதே வசைகளை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தாம். ஆயினும் பல கோயில்களில் இத்தாலியருக்கு மேலே இடமில்லை. கோயிலின் கீழ்த்தளத்தில், நிலவறையில் அவர்களுக்குத் தனித் திருப்பலி நடந்தது. ஒரே விசுவாசம், ஒரே நற்கருணை, ஆனால் தளங்கள் இரண்டு! நேற்று வந்தவன் இன்று வருபவனுக்குக் கதவைச் சாத்துவது மனித இயல்பு போலும்.

1891-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்தது இன்னும் கொடியது. காவல்துறைத் தலைவர் ஒருவர் முந்தைய ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். பழி இத்தாலியர் மேல் விழுந்தது. விசாரணைக்கு வந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடக் குற்றவாளி எனத் தீர்ப்பாகவில்லை. மறுநாள், மார்ச் 14 அன்று, நகரப் பிரமுகர்கள் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சிறையை உடைத்துப் புகுந்து பதினொரு பேரைக் கொன்றார்கள். கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. செய்தது சரியே என்று எழுதிய பத்திரிகைகளும் பல. அந்த நகரத்தின் மேயர் இச்செயலுக்காக முறைப்படி மன்னிப்புக் கோரியது 2019-ல்தான். இடையே கழிந்த ஆண்டுகள் 128.

அன்னை கபிரினி என்ன செய்தார்? அடுத்த ஆண்டே, 1892-ல், தம் கன்னியரை அதே நகரத்துக்கு அனுப்பினார். இத்தாலியர் அஞ்சி ஒடுங்கிக் கிடந்த தெருவிலேயே வீடு பிடித்து, பள்ளியும் அனாதை இல்லமும் தொடங்கினார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில், ஆங்கிலம் தெரியாமல் தன் வலியைச் சொல்லக்கூட வழியற்ற நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை எழுந்தது. அதற்கு இத்தாலியரும் அமெரிக்கரும் ஒருங்கே மதித்த கொலம்பஸின் பெயரைச் சூட்டினார். எத்துணை நுட்பம் பாருங்கள்! டென்வர் பகுதியில் கன்னியர் சுரங்கத்துக்குள் இறங்கித் தொழிலாளரைச் சந்தித்தார்கள். சிறைகளுக்கும் சென்றார்கள். சிக்காகோவில் 1905-ல் மற்றொரு மருத்துவமனை எழுந்தது. 1909-ல் சியாட்டில் நகரில் அன்னை தாமே அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அக்கரையிலிருந்து இரங்கும் வெளியாராக நில்லாமல், வந்தவர்களுள் தாமும் ஒருவராக வேர் ஊன்றினார். 1917 டிசம்பர் 22-ஆம் நாள், சிக்காகோ மருத்துவமனையில், ஏழைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் மிட்டாய் பொட்டலம் கட்டிய மறுநாள், இறைவனடி சேர்ந்தார். அவர் நிறுவிய இல்லங்கள் 67.

இத்துணைத் தொண்டும் நாட்டின் மனத்தை மாற்றிவிட்டதா? இல்லை என்பதே உண்மை. அவர் உயிரோடிருந்த 1917-லேயே, குடியரசுத் தலைவர் வில்சனின் மறுப்பையும் மீறி ஒரு சட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. அதே சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகள் பலவற்றின் மக்களை முற்றிலும் தடுத்தது. நம்மவர்களும் வேண்டாதவர் பட்டியலில் இருந்தோம் என்பதை மறக்கலாகாது. 1924-ஆம் ஆண்டுச் சட்டமோ, முன்பு சில ஆண்டுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேல் வந்த இத்தாலியரை ஆண்டுக்கு 3,845 பேர் என்று குறுக்கியது.

அச்சட்டத்தில் அகதிகளுக்கென்று தனி வாசல் இல்லை. அதன் கொடுமை 1938-ல் தெரிந்தது. நவம்பர் 9, 10 நாள்களில் ஜெர்மனியில் யூதரின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன. அதற்கு மூன்றாம் நாள், நவம்பர் 13 அன்று, உரோமையில் அன்னை கபிரினிக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. அதே மாதம் அமெரிக்காவில் காலப் நிறுவனம் மக்கள் கருத்தைக் கேட்டறிந்தது. யூதருக்கு நடந்தது தவறு என்றவர்கள் நூற்றுக்கு 94 பேர். அப்படியானால் இன்னும் கூடுதலாக அவர்களை நம் நாட்டில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல்! 1939-ல் இருபதாயிரம் அகதிக் குழந்தைகளை ஏற்பதற்கான மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் என்னும் கப்பலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர் கியூபா வரை வந்தனர். பெரும்பாலோரைக் கியூபாவும் இறக்கவிடவில்லை, அமெரிக்காவும் ஏற்கவில்லை. ஐரோப்பா திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் நாசிகளின் கொடுமையில் மாண்டனர்.

அந்த நூற்றுக்கு 94 பேர் கல்நெஞ்சர் அல்லர். செய்தி படித்து வருந்தினார்கள், ஒருவேளை செபித்துமிருப்பார்கள். ஆனால் இரங்குவது ஒன்று, இடம் கொடுப்பது வேறு. இரக்கத்துக்குச் செலவில்லை. இடம் கொடுத்தால் நம் திண்ணை சுருங்கும், நம் கூலி குறையுமோ என்ற அச்சம் வரும். அந்த அச்சம் முழுவதும் பொய் என்று நாம் சொல்லவில்லை. வேலையும் வீடும் குறைந்த இடத்தில் ஏழைக்கும் ஏழைக்குமே போட்டி வரும். அன்னை கபிரினி அந்த அச்சத்தை ஏசவில்லை. பள்ளி கட்டினார், மருத்துவமனை கட்டினார், வந்தவன் சுமை என்ற பேச்சுக்கு இடமில்லாமல் செய்யப் பார்த்தார். வெறும் இரக்கத்துக்கும் அன்புக்கும் உள்ள தூரத்தை அவர் நடந்தே கடந்தார்.

1946 ஜூலை 7-ஆம் நாள் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் இவரைப் புனிதராக உயர்த்தினார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுள் முதல் புனிதர் இவரே. அதற்கு ஐந்து நாள் முன்னர்தான், இந்தியர் ஆண்டுக்கு நூறு பேர் குடியேறலாம் என்ற சட்டம் அங்கே கையெழுத்தானது. 1950-ல் குடியேறியோரின் பாதுகாவலியாக இவர் அறிவிக்கப்பட்டார். பழைய ஒதுக்கீட்டு முறை 1965-ல் நீங்கியது.

அன்பார்ந்த பங்கு மக்களே! நம் கோயில் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால், பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்தவர்களின் பெயர்கள் எத்தனை! அவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1983 முதல் கடல் கடந்து மண்டபத்தில் இறங்கிய ஈழ மக்களுக்காகக் கண்ணீர் விட்டோம். ஆண்டுகள் பல சென்றபின் அவர்களின் முகாம் எங்கே என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வடமாநிலங்களிலிருந்து வந்து நம் வீடுகளைக் கட்டும் இளைஞர்களைப் பற்றி நம் தேநீர்க் கடைகளில் பேசப்படும் பேச்சு, அன்று நியூயார்க்கில் இத்தாலியரைப் பற்றிப் பேசிய பேச்சுதான். பெயர்தான் வேறு. ஞாயிறு திருப்பலியில் அவர்களுள் சிலர் கடைசித் தூணருகில் நிற்பதை நாம் காண்கிறோம்.

நம் கோயிலுக்கு நிலவறை கிடையாது. ஆனால் நம் மனத்தில் ஒன்று இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் சோதித்துப் பார்ப்போமாக. எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்துக்கும் யாரோ ஒருவர் இடம் கொடுத்திருக்க வேண்டும். ஜூபிலி ஆண்டில், புதிதாய் வந்த ஒரு குடும்பத்தின் பெயரையாவது கேட்டறிந்து, நம் இருக்கையில் சற்றே ஒதுங்கி இடம் தருவோம். அதுவே அன்னை கபிரினிக்கு நாம் எடுக்கும் விழா.