ஒரு கப்பல், ஒரு விசாரணை

சரக்குக் கப்பல் நடுக்கடலில் மூழ்கிவிட்டது. சரக்கை இன்சூர் செய்திருந்த லண்டன் வியாபாரிக்குக் கவலை இல்லையா? அங்கேதான் தொல்லை! இன்சூரன்ஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பலர். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு மட்டுமே பொறுப்பு. பணம் தர மறுத்தால், ஒவ்வொருவர் மீதும் தனித்தனியாக வழக்குப் போடவேண்டும். அதே கப்பல், அதே சாட்சிகள், அதே கேள்விகள். வருகிற பணத்தைக் கோர்ட்டுச் செலவே விழுங்கிவிடும்.

இதற்கு வழி கண்டவர் மான்ஸ்பீல்டு பிரபு. இயற்பெயர் வில்லியம் மர்ரே. 1705-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். சிறு வயதிலேயே லண்டனுக்குப் படிக்க வந்து, வக்கீலாகி, 1756-ல் பிரதம நீதிபதி ஆனார். வியாபார வழக்குகளுக்கு வியாபாரிகளையே ஜூரிகளாக அமர்த்தினார்; கடல் வாணிப வழக்கங்களை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் செய்த ஏற்பாடு இதுதான்: ஒரு வழக்கை மட்டும் விசாரிப்பது. அதன் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக மற்றப் பிரதிவாதிகள் ஒப்புக்கொண்டால், அவர்கள் மீதுள்ள வழக்குகளை நிறுத்திவைப்பது. இரு தரப்புக்கும் பணம் மிச்சம். வக்கீல்களுக்குத்தான் கொஞ்சம் நஷ்டம்!

1780-ல் லண்டனில் நடந்த கலகத்தில் அவருடைய வீடும் அரிய புத்தகங்களும் தீக்கிரையாயின. அப்போது அவருக்கு வயது 75. அதன் பிறகும் எட்டு ஆண்டுகள் நீதிபதியாக இருந்தார். 1793-ல் காலமானார்.