டாக்டர் ஆண்ட்ரூ பெல்

தொடுதிரையின்மேல் விரலால் அகரம் எழுதிப் பயிலும் சிறாரை இந்நாளில் எங்கள் ஓசூர்ப் புறத்தும் காண்கின்றோம். ஒரு கருவி கற்பார்க்கு உண்மையிற் பயன்படுகின்றதா என்று சோதித்தறியும் முயற்சியோ புதியதன்று. 230 ஆண்டுகட்கு முன்னரே சென்னையில் அதனைச் செய்தவர் பெல் பாதிரியார்.

இவர் 1753-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிற் பிறந்தார். சிலகாலம் அமெரிக்காவில் ஆசிரியராயிருந்து, 1787-இல் சென்னை சேர்ந்தார். பட்டாளத்துக் குருப்பதவிகள் பலவற்றை ஒருங்கே வகித்துப் பொருள் ஈட்டினார். இதனை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் 1789-இல் எழும்பூரில் தொடங்கிய படைவீரர் மக்களுக்கான அநாதச்சாலையின் மேற்பார்வையை ஊதியம் பெறாமலே ஏற்றார்.

ஒருநாட் காலையில் குதிரைமேற் சென்றவர், வழியில் ஒரு நாட்டுப் பள்ளியிற் சிறுவர் மணலில் விரலால் எழுதக் கண்டார். தாளும் மையும் வேண்டா. தவறினால் ஒருமுறை தடவிவிட்டால் போதும். அன்றே தம் சாலையில் அதனைப் புகுத்த முயன்றார். அங்கிருந்த உபாத்தியாயர்களோ ஆகாதென்று கைவிரித்தனர். பெல் அவர்களோடு வாதாடினாரல்லர். எட்டு வயதுடைய ஜான் பிரிஸ்கன் என்னும் மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்புவித்தார். பெரியோர் ஆகாதென்ற காரியத்தை அச்சிறுவன் முடித்துக் காட்டினான். பின்னர் வகுப்பு ஒவ்வொன்றும் மாணவர் கைக்கே மாறிற்று. அன்றன்று நடந்த பாடங்களும் ஏட்டிற் பதியப்பெற்றன. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. மேனாட்டார்க்கோ இது பெரும் புதுமையாயிற்று.

கருவி கொண்டு இயற்கை நூல் கற்பிப்பதிலும் பெல் வல்லவர். இங்கே எங்கள் எல்லைப்புறத்துச் சரித்திரமும் வந்து கலக்கின்றது. 1791-இல் ஓசூர்க் கோட்டை ஆங்கிலப் படையின் வசமாயிற்று. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி முதலிய பாராமகால் நாடு கும்பினியாரைச் சேர்ந்தது. அப்போது பிணையாகக் கொண்டுசெல்லப்பட்ட திப்பு சுல்தானின் புதல்வர் இருவரும் 1794-இல் தந்தையிடம் திரும்பினர். உடன் சென்ற தூதுக்குழுவில் பெல்லின் மாணவன் வில்லியம் ஸ்மித் இருந்தான். மின்சாரம், காற்று, நீர் இவற்றின் இயல்புகளைக் கருவிகளால் அவன் சுல்தான் முன்னிலையிற் செய்துகாட்டினான். தந்தையற்ற பிள்ளையென்று ஒதுக்கப்பட்டவன் ஓர் அரசவைக்கு ஆசிரியனானது சிறு செய்தியோ?

பெல் 1796-இல் நாடு திரும்பி, மறுவருடம் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரால் அஃது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. லங்காஸ்டர் என்பாருக்கும் இவர்க்கும் முதன்மைபற்றி நெடும்பூசல் மூண்டது. மணலில் எழுதிய நம் சிறுவரின் பெயரையோ இரு திறத்தாரும் அறியார். ஏழை மக்களுக்கு மிகுதியான கல்வி தகாதென்று பெல் பிற்காலத்துக் கருதியது எமக்கு வருத்தமே தருகின்றது.

1832-இல் இறந்த அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தம் பெருஞ்செல்வத்தைக் கல்விக்கே எழுதிவைத்திருந்தார். அப்பொருளால் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளி, மெட்ராஸ் காலேஜ் என்றே இன்றும் வழங்குகின்றது.