வெண்மைக்காகப் பதினேழு ஆண்டு உழைத்த தோட்டக்காரர்
லூதர் பர்பாங்கின் வாழ்வும் அவர் தந்த சாஸ்டா டெய்சியும்

பொன்னிற நடுவட்டத்தைச் சுற்றித் தூய வெள்ளை இதழ்கள் விரிந்த ஒரு மலர் ஊட்டியிலும் மூணாறிலும் தோட்டங்களில் கண்ணைக் கவர்வதுண்டு. நிமிர்ந்து நிற்கும் காம்பின் உச்சியில் அது பூத்திருக்கும். சாஸ்டா டெய்சி என்பது அதன் பெயர். பறித்துக் குவளையில் வைத்தாலும் பல நாள் வாடாது. இயற்கை தானாகத் தந்த மலர் என்றே பலரும் அதைக் கருதுகின்றனர். உண்மையில் அது ஒரு மனிதர் பதினேழு ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய மலர். அவர்தாம் லூதர் பர்பாங்க். பள்ளிப் படிப்பைத் தாண்டாத இந்தத் தோட்டக்காரர் 800-க்கும் மேற்பட்ட புதிய செடி வகைகளை உலகுக்கு அளித்தார். ஆனால் அவற்றில் ஒன்றின் மீதும் தம் வாழ்நாளில் சட்டப்படி உரிமை கொண்டாட அவரால் முடியவில்லை.

செங்கல் சூளைக்காரரின் மகன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லங்காஸ்டர் என்னும் ஊரில் 1849-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி பர்பாங்க் பிறந்தார். தந்தை விவசாயம் செய்ததோடு செங்கல் சூளையும் வைத்திருந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். சிறுவன் லூதருக்கு விளையாட்டுப் பொருளைவிடச் செடி கொடிகளிடமே மனம் சென்றது. உள்ளூர்ப் பள்ளியிலும் கழகத்திலும் பெற்ற கல்வியே அவருடைய முழுக் கல்வி.

தந்தை காலமான பின் கிடைத்த பங்கைக் கொண்டு லூனன்பர்க் என்ற ஊரருகே 17 ஏக்கர் நிலம் வாங்கிக் காய்கறி பயிரிட்டார். அந்நாளில் அவர் கைக்கு வந்த நூல் ஒன்று அவர் வாழ்வைத் திருப்பியது. வளர்ப்பு விலங்குகளும் செடிகளும் எவ்வாறு மாறுபடுகின்றன என்பது பற்றி சார்லஸ் டார்வின் 1868-இல் வெளியிட்ட நூல் அது. செடி கொடிகள் மாறுகின்றன. மாறியவற்றில் நல்லதைப் பொறுக்கி வளர்த்தால் புது வகை பிறக்கும். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டார் பர்பாங்க்.

உருளைக்கிழங்கு தந்த வழிச்செலவு

ஒரு நாள் தம் வயலில் உருளைக்கிழங்குச் செடியொன்றில் விதைக்காய் காய்த்திருப்பதைக் கண்டார். அந்த வகை உருளைக்கிழங்கு காய்ப்பது மிக அரிது. காயினுள் இருந்தவை 23 விதைகள். அத்தனையையும் தனித்தனியே முளைக்க வைத்தார். அவற்றுள் ஒரு செடி மட்டும் பெரிய, வழவழப்பான கிழங்குகளை ஏராளமாகத் தந்தது. 1875-இல் அந்த வகையின் உரிமையை விதை வணிகர் ஒருவருக்கு 150 டாலருக்கு விற்றார். வணிகர் பெருந்தன்மையோடு பத்துக் கிழங்குகளை அவரிடமே விட்டுவைத்தார். அந்தப் பணத்தைக் கொண்டு மேற்குக் கடற்கரைக்கு ரயிலேறிய பர்பாங்க், கலிபோர்னியாவில் சாண்டா ரோசா என்ற ஊரில் குடியேறினார்.

அந்த உருளைக்கிழங்கிலிருந்து பின்னாளில் தானாகத் தோன்றிய சொரசொரப்பான பழுப்புத்தோல் வகைதான், அமெரிக்க உணவகங்களில் நீள நீளமாகப் பொரித்து விற்கப்படும் உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பெயர் பெற்றது. கோடிக்கணக்கில் பணம் புரண்ட பயிர் அது. அதைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைத்ததோ அந்த 150 டாலர்தான்.

சாண்டா ரோசாவில் தொடக்க நாட்கள் வறுமையில் கழிந்தன. கிடைத்த கூலி வேலைகளைச் செய்து வயிறு வளர்த்தார். பிறகு ஒரு சிறு நாற்றங்கால் வைத்தார். 1881-இல் ஒரு பழத்தோட்ட முதலாளி, அவ்வாண்டுக்குள் 20,000 பிளம் கன்றுகள் வேண்டும் என்று கேட்டபோது மற்ற நாற்றங்கால்காரர்கள் கைவிரித்தனர். பர்பாங்க் ஒப்புக்கொண்டார். விரைவில் முளைக்கும் வாதுமை விதைகளை நட்டு, வளர்ந்த நாற்றுகளில் பிளம் மொட்டுகளை ஒட்டுக் கட்டினார். ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ முழு எண்ணிக்கையும் தயாராகிவிட்டது. ஊரார் அவரைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான்.

வெள்ளை மலரின் கதை

பர்பாங்கின் பிறந்த ஊரில் காளைக்கண் டெய்சி என்றொரு காட்டுப்பூ உண்டு. விவசாயிகளுக்கு அது களை, பிடுங்கி எறிவார்கள். சிறுவயது முதலே அதன்மேல் ஆசை கொண்டிருந்த பர்பாங்க் அதைக் கலிபோர்னியாவுக்கும் கொண்டுவந்து, 1884 முதல் அதைச் சீர்திருத்தத் தொடங்கினார். அவர் மனக்கண்ணில் ஒரு மலர் இருந்தது. பூ பெரிதாக இருக்கவேண்டும். காம்பு நீளமாகவும் வழவழப்பாகவும் இருக்கவேண்டும். நீண்ட காலம் பூக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெண்மையில் மாசு இருக்கக் கூடாது.

காளைக்கண் டெய்சியை இங்கிலாந்தில் வளர்ந்த பெரிய டெய்சியோடு கலந்தார். பூ பெரிதாயிற்று. அதைப் போர்ச்சுக்கல் நாட்டு டெய்சியோடு மீண்டும் கலந்தார். செடி உறுதியாயிற்று. ஆனால் வெண்மை மட்டும் அவர் நினைத்த அளவுக்கு வரவில்லை. கொச்சிக் கோட்டையின் வெளிப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் சலவைத் துறையில், வெளுத்து உலர்த்திய வேட்டிக்கும் வீட்டில் அலசிய வேட்டிக்கும் உள்ள வேறுபாடு கொச்சி மக்களுக்குத் தெரியும். இரண்டும் வெள்ளைதான், ஆனால் ஒன்றின் அருகில் மற்றொன்றை வைத்தால் பழுப்பு தெரியும். பர்பாங்கைத் தூங்கவிடாத குறை இதுதான். இறுதியில் ஜப்பான் நாட்டுக் கடற்கரையில் வளரும் ஒரு டெய்சியை வரவழைத்தார். அதன் பூ சிறியது. ஆனால் பளிச்சிடும் வெண்மை. அதன் மகரந்தத்தையும் சேர்த்தார்.

இந்தக் கலப்பு வேலை எளிதன்று. டெய்சியின் ஒரு பூ என்பது பல நூறு சிறு பூக்களின் தொகுப்பு. சுற்றியுள்ள ஒவ்வொரு வெள்ளை இதழும் ஒரு தனிப்பூ. நடுவிலுள்ள மஞ்சள் வட்டமோ நெருங்கிய நுண்பூக்களின் கூட்டம். சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவற்றின் குடும்ப இலக்கணம் இது. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் தடவி, விதை கட்டி, விதைத்து, பூத்த பிறகே பலன் தெரியும். ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கிடையே நடந்துசென்று, ஒன்றிரண்டை மட்டும் குறியிட்டு வைத்துவிட்டு, மற்றவற்றைக் குவித்துக் கொளுத்திவிடுவது பர்பாங்கின் வழக்கம். மறு ஆண்டு மீண்டும் அதே வேலை. இவ்வாறு பதினேழு ஆண்டுகள் சென்றன. 1901-இல் மலர் வெளிவந்தது. வட கலிபோர்னியாவில் பனி மூடி நிற்கும் சாஸ்டா மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார். களை என்று எறியப்பட்ட பூவின் வாரிசு உலகத் தோட்டங்களில் இடம்பிடித்தது.

புகழும் குறையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்பாங்கின் புகழ் உச்சத்தில் இருந்தது. சாண்டா ரோசா பிளம், முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. பிளம் வகைகள் மட்டும் நூற்றுக்கு மேல். 1915-இல் தாமஸ் எடிசனும் ஹென்றி போர்டும் அவரைத் தேடி வந்தனர். பரமஹம்ச யோகானந்தர் சாண்டா ரோசா சென்று அவரோடு நட்புப் பூண்டார். 1946-இல் வெளிவந்த தம் சுயசரிதத்தை பர்பாங்கின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

ஆயினும் குறைகளும் இருந்தன. கார்னெகி நிறுவனம் 1905 முதல் ஆண்டுக்கு 10,000 டாலர் மானியம் அளித்து, அவருடைய முறைகளை எழுதிவைக்க ஓர் அறிவியலாரை அனுப்பியது. எந்தச் செடியை எதனோடு எப்போது கலந்தார் என்ற ஒழுங்கான குறிப்புகள் அங்கே போதிய அளவு இல்லை. எல்லாம் அவர் கண்ணிலும் கைப்பழக்கத்திலும் இருந்தன. சில ஆண்டுகளில் மானியம் நின்றது. வாழ்நாளில் பெற்ற குணங்கள் சந்ததிக்கு இறங்கும் என்று அவர் நம்பியதையும் பிற்கால மரபியல் ஏற்கவில்லை. அவர் பெயரில் விதை விற்கத் தொடங்கிய நிறுவனமும் சில ஆண்டுகளில் நொடித்தது.

இவ்விடத்தில் மட்டாஞ்சேரி நினைவுக்கு வருவது இயல்பு. கொச்சியில் டச்சுக்காரர்களின் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் என்னும் தாவரப் பெருநூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பகுதிகளாக வெளிவந்தது. செடிகளை இனங்கண்டு பெயரும் பயனும் சொன்னவர்கள் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய கொங்கணி வைத்தியர்களும். அவர்கள் அளித்த சான்றிதழ்கள் முதல் பகுதியிலேயே அச்சாயின. ஆகவேதான் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் பெயர் நிற்கிறது. தாவர அறிவைப் பெற்றிருப்பது ஒரு செல்வம் என்றால், அதை எழுதிவைப்பது அந்தச் செல்வத்துக்குப் பூட்டு. பர்பாங்க் செல்வத்தைச் சேர்த்தார். பூட்டைப் பற்றி அதிகம் எண்ணவில்லை.

இறுதி நாட்கள்

1926 ஜனவரியில் மத நம்பிக்கை பற்றி நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், பழைய சமயக் கோட்பாடுகளில் தமக்கு நம்பிக்கை இல்லை என்ற கருத்தை பர்பாங்க் மறைக்காமல் வெளியிட்டார். நாடெங்கும் பரபரப்பு எழுந்தது. கண்டனக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. 76 வயது முதியவர், எழுதியவர்களுக்கு விளக்கம் சொல்ல முயன்று களைத்துப் போனார். மார்ச் மாதம் இதய நோய் கண்டது. ஏப்ரல் 11-ஆம் தேதி உயிர் பிரிந்தது. அந்த மன உளைச்சலே அவர் முடிவை விரைவுபடுத்தியது என்று நண்பர்கள் கருதினர். அவருக்குப் பெற்ற பிள்ளைகள் இல்லை. தம் வீட்டுத் தோட்டத்தில் அவரே வளர்த்த லெபனான் தேவதாரு மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

இயந்திரம் செய்தவருக்குக் காப்புரிமை உண்டு. புதுச் செடி செய்தவருக்கு இல்லை என்ற நிலையை மாற்ற அமெரிக்கா 1930-இல் தாவரக் காப்புரிமைச் சட்டம் இயற்றியது. பர்பாங்கின் உழைப்பும் அவர் பட்ட பாடும் அந்த விவாதத்தில் எடுத்துக்காட்டாயின. மறைவுக்குப் பின் அவர் பெயரில் 16 காப்புரிமைகள் வழங்கப்பட்டன. கிழங்கால் பெருகும் பயிர்களுக்கு அச்சட்டம் இடமளிக்கவில்லை. ஆகவே அவருடைய உருளைக்கிழங்கு, அவர் உயிரோடிருந்தாலும் அதில் சேர்ந்திராது. இந்தியாவில் 2001-இல் இயற்றப்பட்ட சட்டம், புது வகை உருவாக்குவோருக்கு உரிமை தருவதோடு, விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் விவசாயிக்கு உள்ள உரிமையையும் காக்கிறது.

கொச்சி வீடுகளில் வளர்க்க

சாஸ்டா டெய்சி குளிரை விரும்பும் செடி. மூணாறு, ஊட்டி போன்ற மலையூர்களில் ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கும். மட்டாஞ்சேரியிலோ வெப்பமும் ஈரக்காற்றும் அதிகம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. தோண்டினால் சற்று ஆழத்திலேயே நீர். பல இடங்களில் உப்பும் கலந்திருக்கும். இங்கு அதைத் தரையில் நடுவது வீண்வேலை. தொட்டியே தகுந்தது. பனிக்காலத்துக்கு மட்டும் வளர்க்கும் செடியாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

விதையிட்ட முதல் ஆண்டில் பூக்காத வகைகள் பல; குளிர்காலம் ஒன்றைக் கண்ட பின்னரே அவை மொட்டு வைக்கும். ஆகவே மலைப்பகுதி நாற்றங்காலில் வளர்ந்த செடியை வாங்கி, துலாவர்ஷம் தணியும் நவம்பர் கடைசியில் தொட்டியில் வைப்பது நலம். செம்மண், மணல், நன்கு மக்கிய சாண எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடித் துளைமீது ஓட்டுச் சில்லு வைத்து நிரப்ப வேண்டும். தென்னைநார்க் கழிவை அதிகம் சேர்த்தால் நீர் தேங்கிவிடும். காலை வெயில் நன்றாகப் படவேண்டும். பிற்பகல் வெயிலுக்குச் சிறிது நிழல் தேவை. மேல் மண் காய்ந்த பின், காலையில், அடியில் மட்டும் நீர் ஊற்றவேண்டும். தண்டின் அடியில் நீர் நின்றால் அழுகல் நோய் வந்து ஒரு வாரத்தில் செடி சாய்ந்துவிடும். வாடிய பூக்களைக் காம்போடு கிள்ளி எடுத்தால் புது மொட்டுகள் வரும். அசுவினி கண்டால் சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து தெளிக்கலாம்.

மலையூர்களில் வளர்ப்போர் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தூரைத் தோண்டிப் பிரித்து, நடுவில் முற்றிய பகுதியை எறிந்துவிட்டு, ஓரத்து இளங்கன்றுகளை மட்டும் நடவேண்டும். பிரிக்காமல் விட்டால் நடுப்பகுதி பட்டுப்போய்ப் பூவும் குறையும்.

கொச்சி வீட்டு மாடியில் ஒரு தொட்டியில் இரண்டு பூக்கள் பூத்தாலும் போதும். மாசசூசெட்ஸ் வயல் வரப்பில் காலடியில் மிதிபட்ட ஒரு களை, நாலு நாட்டு உறவு கொண்டு, பதினேழு ஆண்டு பொறுமையில் வெளுத்து வந்த வரலாறு அந்த இரண்டு பூக்களில் இருக்கிறது.